மணலில் தேயும் கொழு: முனைக்குக் கடினப் பூச்சு போடும் முறை

ஆரணி ஆற்றங்கரை நிலங்களில் ஒரு பட்டம் உழுது முடித்த கொழுவைக் கழுவிப் பார்த்தால் முகம் பார்க்கும் கண்ணாடி போல மின்னும். கொழு மின்னினால் மண் ஒட்டாது, உழவு லேசாக ஓடும் என்று விவசாயிகள் மகிழ்வது இயல்பு. ஆனால் புதிதாக வாங்கிய கொழு ஒன்றை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எவ்வளவு இரும்பு மண்ணோடு போயிருக்கிறது என்பது தெரியும். முனை மழுங்கி, நீளம் குறைந்து, இரண்டு ஓரமும் வட்டமாகியிருக்கும்.

பட்டுக்குப் பெயர்போன ஆரணி வேறு. இங்கே சொல்லப்படுவது திருவள்ளூர் மாவட்டத்தில் பெரியபாளையத்தை அடுத்துள்ள ஆரணி. ஆந்திரத்து மலைகளில் பிறந்து, பிச்சாட்டூர் அணையைக் கடந்து, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், ஆரணி, பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுப் பக்கம் கடல் சேரும் ஆரணி ஆறு இந்த ஊருக்குத் தண்ணீரும் தருகிறது, மணலும் தருகிறது. கரையை ஒட்டிய நிலங்களில் மணல் கலந்த மண். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று நெல்லும், இடையில் நிலக்கடலையும் பயிராகும் இந்த நிலத்தில், கலப்பைக்கு ஓய்வு குறைவு.

வடக்கே சில மைல் போனால் கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகம். அங்கே இரும்பை உருக்குகிறார்கள், உருட்டிக் கம்பியாக்குகிறார்கள். அத்தகைய ஆலைகளில் தேயும் பாகங்களுக்கு மேலே கடினமான உலோகத்தைப் படியவைத்து ஆயுளைக் கூட்டுவது நெடுநாளைய வழக்கம். அனல்மின் நிலையங்களில் நிலக்கரி அரைக்கும் உருளைகளையும் இப்படித்தான் புதுப்பிக்கிறார்கள். திருவாலங்காட்டுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்பும் விவசாயிகளும் ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம். கரும்பாலைகளில் உருளை கரும்பைப் பிடித்து இழுக்கும்படி அதன் பற்களில் சொரசொரப்பாக வெல்டிங் பொட்டு வைப்பது உண்டு. உருளை ஓடிக்கொண்டிருக்கும்போதே வைப்பார்கள். பட்டறைகளில் ‘ஹார்ட் பேசிங்’ என்று சொல்லும் வேலை இதுதான். ஆலையில் நடக்கும் இந்த வேலையைக் கொழு முனையிலும் செய்துகொள்ளலாம். ஆனால் எல்லாக் கருவிக்கும் அல்ல, எல்லா இடத்திலும் அல்ல.

வாடகை உழவில் யாருக்கு நஷ்டம்?

சொந்த டிராக்டர் இல்லாதவருக்குக் கொழு தேய்ந்தால் என்ன என்று கேட்கலாம். உண்மையில் அவருக்குத்தான் இதில் அதிக நஷ்டம். வாடகை மணிக் கணக்கில் ஓடுகிறது. மழுங்கிய கொழு மண்ணுக்குள் இறங்காமல் மேலே மேலே போகும். ஆழம் கிடைக்கவில்லை என்று இன்னொரு சால் ஓட்டச் சொல்ல வேண்டியிருக்கும். 2 மணி நேரத்தில் முடிய வேண்டிய நிலத்துக்கு இரண்டரை மணி நேரம் ஆனால், அந்த அரை மணி வாடகை நிலத்துக்காரர் தலையில் விழுகிறது. டிராக்டர்காரருக்கு டீசல் கூடுதலாகச் செலவாகிறது. சேற்றுழவில் சுழற்கலப்பையின் கத்தி தேய்ந்திருந்தால் சேறு சரியாகக் குழையாது. அடியில் தண்ணீர் வடிவது கூடும். களையும் மடங்கிப் புதையாமல் தலை தூக்கும்.

ஆகவே உழவுக்கு டிராக்டர் பேசும்போது வாடகையை மட்டும் பேசாமல் கொழுவையும் கத்தியையும் ஒரு தரம் குனிந்து பார்ப்பது நல்லது. மாடு வாங்கும்போது பல்லைப் பார்ப்பவர்கள், கலப்பையின் பல்லைப் பார்க்க ஏன் கூச்சப்பட வேண்டும்?

மணலை வெல்லும் பொருள் எது?

ஆற்று மணலில் பெரும்பகுதி படிகக் கல் எனப்படும் குவார்ட்ஸ். கடினத்தை அளக்கும் விக்கர்ஸ் கணக்கில் சாதாரண இரும்புக்கு ஏறக்குறைய 130 என்றால், நன்றாகப் பதம் ஏற்றிய கலப்பைக் கத்திக்கு 450 முதல் 550 வரை வரும். குவார்ட்ஸ் மணலுக்கோ 1000-க்கும் மேல். அதாவது எவ்வளவு நல்ல கொழு வாங்கினாலும், அதைவிட இரட்டிப்புக் கடினமான துகள்களில்தான் அது நாள் முழுதும் உரசிக்கொண்டு போகிறது. ஒவ்வொரு மணலும் ஒரு சிறு உளி. அது இரும்பில் கண்ணுக்குத் தெரியாத கீறலைப் போட்டுவிட்டுப் போகிறது. கோடிக்கணக்கான கீறல்கள் சேர்ந்ததுதான் நாம் பார்க்கும் மினுமினுப்பு.

இரும்புடன் குரோமியமும் கரியும் தாராளமாகச் சேர்ந்தால் குரோமியம் கார்பைடு என்னும் மணிகள் உண்டாகின்றன. இவற்றின் கடினம் சுமார் 1500. டங்ஸ்டன் கார்பைடு 2000-ஐயும் தாண்டும். இவை மணலைவிடக் கடினமானவை. கடினப் பூச்சில் இந்த மணிகள் கான்கிரீட்டில் ஜல்லி இருப்பதுபோல, சற்று மிருதுவான உலோகத்துக்குள் பதிந்து நிற்கும். மணல் வந்து உரசும்போது ஜல்லி தாங்கிக்கொள்ளும். ஜல்லி உதிர்ந்துவிடாமல் சுற்றியுள்ள உலோகம் பிடித்துக்கொள்ளும். ஜல்லி மட்டும் இருந்தால் நொறுங்கும், சாந்து மட்டும் இருந்தால் கரையும்.

நம் ஊர்க் கொல்லர்கள் இந்தத் தத்துவத்தின் பாதியை எப்போதோ கண்டவர்கள். மண்வெட்டிக்கும் அரிவாளுக்கும் மிருதுவான இரும்பில் உடலைச் செய்து, வாய்ப்பகுதியில் மட்டும் எஃகு வைத்து அடித்துத் தோய்ச்சல் போடுவார்கள். உடல் வளையும், ஒடியாது. வாய் மழுங்காது. முழுக் கருவியையும் கடினமாக்கினால் முதல் கல்லிலேயே இரண்டாகிவிடும்.

தானே கூர்மையாகும் கொழு

கடினப் பூச்சில் முக்கியமான ரகசியம் ஒன்று இங்கிலாந்தில் கிடைத்தது. இப்ஸ்விச் நகரில் கலப்பை வார்த்துக்கொண்டிருந்த ராபர்ட் ரான்சம் என்பவர் 1803-ல் ஒரு காப்புரிமை பெற்றார். உருக்கிய இரும்பு தற்செயலாகக் குளிர்ந்த உலோகத்தின்மேல் கொட்டியதைக் கவனித்து அவர் இந்த யோசனையை அடைந்ததாக ஒரு செய்தி வழங்கி வருகிறது. கொழுவை வார்க்கும்போது அடிப்பக்கத்தை மட்டும் சட்டென்று குளிரவைத்தார். அடிப்பக்கம் கல்லாக இறுகியது. மேற்பக்கம் மிருதுவாகவே நின்றது. நிலத்தில் ஓடும்போது மிருதுவான மேற்பக்கம் முன்னால் தேய்ந்தது. கடினமான அடிப்பக்கம் மெல்லிய விளிம்பாக எப்போதும் முன்னே நீட்டிக்கொண்டிருந்தது. உழ உழக் கொழு மழுங்குவதற்குப் பதிலாகத் தீட்டப்பட்டது. எலியின் முன்பல் தேய்ந்தும் கூராகவே இருப்பது இதே முறையில்தான். அதன் முன்பக்கம் மட்டும் கடினமான எனாமல் பூண்டது.

வெல்டிங் வைத்துப் பூச்சு போடும் முறை 1920-களில் கலிபோர்னியாவின் எண்ணெய்க் கிணறுகளில் துளைக்கருவிகளுக்குப் பயன்பட்டுப் பிறகு கலப்பைக்கும் வந்தது. ஆனால் ரான்சம் கண்டது இன்றும் மாறவில்லை. பூச்சை ஒரு பக்கம் மட்டும் போட வேண்டும். ‘காசு கொடுக்கிறோமே, இரண்டு பக்கமும் போடுங்கள்’ என்று பட்டறையில் கேட்பவர்கள் உண்டு. இரண்டு பக்கமும் போட்டால் முனை தடித்து, உருண்டு, மண்ணில் இறங்காத கட்டையாகிவிடும். காசும் போய் உழவும் கெடும்.

எந்தப் பக்கம் போடுவது என்று கேட்டால் பழைய கொழுவே பதில் சொல்லும். புதுக் கொழு ஒன்றைத் தகட்டிலோ அட்டையிலோ வைத்துச் சுற்றிக் கோடு போட்டு, அதே கோட்டுக்குள் தேய்ந்த கொழுவை வைத்தால் எங்கே குறைந்திருக்கிறது என்பது தெரியும். கனத்தையும் கையால் தடவிப் பார்க்க வேண்டும். கொத்துக் கலப்பையின் கொழுக்களில் முனையும், முனையை ஒட்டிய இரண்டு ஓரங்களும்தான் பெரும்பாலும் முதலில் போகும். அந்த இடத்துக்கு மட்டும் பூச்சு போதும். போல்ட் துளையின் பக்கம் சூடே போகக்கூடாது.

பட்டறையில் கவனிக்க வேண்டியவை

பூச்சு ராடுகள் கடினத்தின் அளவைச் சொல்லியே விற்பனையாகின்றன. 250, 350 என்பவை தேய்ந்த இடத்தை நிரப்பி உயர்த்தவும், ஓரளவு அடியைத் தாங்கவும் ஏற்றவை. 600 அளவிலுள்ளவையும் குரோமியம் கார்பைடு ராடுகளும் மணலுக்கானவை. மாங்கனீசு ராடு போட்டால் உறுதி என்று சிலர் சொல்வார்கள். ஹாட்பீல்டு என்னும் ஆங்கிலேயர் 1882-ல் கண்டுபிடித்த மாங்கனீசு எஃகு நல்ல பொருள்தான். ஆனால் அது அடிபட அடிபடத்தான் இறுகும். கல் உடைக்கும் கிரஷரின் தாடைக்குப் பொருந்தும். மணலில் அடி இல்லை, உரசல் மட்டுமே. ஆகவே அங்கே அதன் பலம் வெளிப்படாது.

வேலைக்கு முன் துரு, சேறு, பெயின்ட் எல்லாம் போகும்வரை கிரைண்டரில் தேய்த்து வெள்ளை இரும்பு தெரிய வேண்டும். ராடு ஈரம் இழுத்திருந்தால் பூச்சில் ஓட்டை விழும். மழைக்காலத்தில் திறந்து கிடந்த ராடை அடுப்பில் உலர்த்தாமல் பயன்படுத்தக் கூடாது.

அடுத்தது சூடு. கொழுவில் உள்ள எஃகு சாதாரண ஆங்கிள் இரும்பு அல்ல. குளிர்ந்த கொழுவில் நேரே வெல்டிங் வைத்தால் பூச்சுக்கு ஓரத்தில் உள்ள எஃகு சட்டென்று இறுகிக் கண்ணாடிபோல் ஆகி, பிறகு அங்கேயே ஒடியும். முதலில் சுமார் 200 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேற்றிக்கொள்ள வேண்டும். இதற்கு அளவுகோல் தோசைக்கல்லிலேயே இருக்கிறது. கொழுமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அது சுரீரென்று பரவி ஆவியாகாமல் முத்துப்போல உருண்டு ஓட வேண்டும். அதற்குமேல் போய்ச் சிவக்கும் அளவுக்குச் சூடேறினால் ஆலையில் ஏற்றிய பதம் போய்விடும். வேலை முடிந்ததும் தண்ணீரில் முக்குவது பெரிய தவறு. அடுப்புச் சாம்பலிலோ உலர்ந்த மணலிலோ புதைத்துவைத்து, ஓர் இரவு மெதுவாக ஆறவிட வேண்டும்.

முதல் படிவம் அடி இரும்புடன் கலந்துவிடும். அதனால் அதன் கடினம் முழுதாக இராது. இரண்டாவது படிவத்தில்தான் ராடின் உண்மையான குணம் வெளிப்படும். கனமான கொழுவுக்கு இரண்டு படிவம் போடலாம். மூன்றாவது போட்டால் பூச்சு வெடித்துப் பெயரத் தொடங்கும். மெல்லிய கொழுவுக்குக் கரன்ட்டைக் குறைத்து ஒரே படிவத்தோடு நிறுத்துவது உத்தமம்.

பூச்சை முழுத் தகடாக மெழுக வேண்டியதில்லை. மணல் நிலத்துக்கானால், மண் வழுக்கி ஓடும் திசைக்குக் குறுக்கே, விரற்கடை இடைவெளி விட்டு வரிவரியாக இழுத்தால் போதும். வரிகளுக்கு இடையே மண் அடைந்து நிற்கும். பிறகு வரும் மண் அந்த மண்ணின் மேலேயே உரசிப் போகும். அடி இரும்புக்கு மண்ணே கவசம் ஆகிறது. சரளையும் கல்லும் நிறைந்த நிலமானால் வரிகளை மண் ஓடும் திசையிலேயே இழுக்க வேண்டும். கல் தடுக்காமல் வழுக்கிப் போகும். இந்தச் சிறு விஷயத்தைச் சொல்லிச் செய்யவைத்தால் ராடும் மிச்சம், ஆயுளும் கூடும்.

கார்பைடு பூச்சில் வரிக்குக் குறுக்கே மயிரிழை விரிசல்கள் தெரியும். அதைக் கண்டு வெல்டரோடு சண்டைக்குப் போக வேண்டாம். ஆறும்போது இழுபடும் பூச்சு தன் இறுக்கத்தைத் தளர்த்திக்கொள்ளும் வழி அது. விரிசல் வரியின் ஓரமாக, நீளவாக்கில் ஓடினாலோ, பூச்சு விளிம்பு தூக்கினாலோதான் வேலை சரியில்லை என்று பொருள். நல்ல ராடா என்பதை அறிய ஓர் அரத்தை எடுத்து உரசிப் பார்க்கலாம். அடி இரும்பில் அரம் கடிக்கும், பூச்சில் வழுக்கும். பூச்சிலும் கடித்தால் சாதாரண ராடை ஓட்டிவிட்டார்கள் என்று தெரிந்துகொள்ளலாம்.

இந்த ராடுகளின் புகையில் குரோமியம் இருக்கிறது. நுரையீரலுக்குக் கெடுதல். காற்றோட்டமான வெளியில், காற்றுக்கு முதுகைக் காட்டி வேலை செய்ய வேண்டும். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளை விரட்டிவிட வேண்டும். ஒளியைப் பார்த்த கண் இரவெல்லாம் மணல் விழுந்ததுபோல் உறுத்தும்.

சுழற்கலப்பைக் கத்திக்கு எச்சரிக்கை

மேலே சொன்னது கொத்துக் கலப்பையின் கொழுவுக்கும், சட்டிக் கலப்பை போன்ற மெதுவாக ஓடும் கருவிக்கும். நிலக்கடலை தோண்டும் கருவியின் கத்திக்கும் பொருந்தும். சுழற்கலப்பைக் கத்தியின் விஷயம் வேறு. அது நிமிடத்துக்கு 200 சுற்று அளவில் சுழல்கிறது. தெரு ஓரப் பட்டறையில் சூடு கணக்கில்லாமல் வெல்டிங் வைத்த கத்தி, வளைவில் ஒடிந்து பறந்தால் பின்னால் நிற்பவர் உயிருக்கே ஆபத்து. கத்திக்குக் கத்தி பூச்சின் எடை மாறினால் தண்டு அதிர்ந்து பேரிங்கும் கெடும். எவ்வளவு மிச்சம் என்றாலும் இந்த இடத்தில் சிக்கனம் பார்ப்பது சரியல்ல. ஆலையிலேயே கார்பைடு பூச்சு ஏற்றிப் பதம் பார்த்து வரும் கத்திகள் கிடைக்கின்றன. விலை கூடுதல். ஆனால் மணல் நிலத்தில் ஆண்டு முழுதும் வாடகைக்கு ஓட்டுபவருக்கு அது கட்டும். வருடத்துக்கு ஓரிரு ஏக்கர் மட்டும் ஓட்டுபவர் சாதாரணக் கத்தியே வாங்கி, தேய்ந்ததும் எதிர்ப்பக்கக் கத்தியோடு சேர்த்து ஜோடியாக மாற்றிவிடுவது மேல்.

களிமண் நிலக்காரருக்கும் பூச்சு அவசரமில்லை. அங்கே தேய்வது குறைவு, ஒட்டுவதுதான் தொல்லை. 1837-ல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பகுதியில் ஜான் டீர் என்ற கொல்லர் பெயர் பெற்றதும் பிசுபிசுத்த மண் ஒட்டாமல் வழுக்கும் பளபளப்பான எஃகுக் கலப்பையால்தான். களிமண்ணில் கொழுவைத் துருவில்லாமல் வைத்திருந்தாலே இழுவை குறையும். உழவு முடிந்த அன்றே கழுவித் துடைத்துப் பழைய என்ஜின் ஆயில் தடவி வைத்தால் போதும்.

உமியும் ஒரு மணல்தான்

நெல்லுக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. உமியை எரித்த சாம்பலில் பத்தில் எட்டு ஒன்பது பங்கு சிலிக்கா, அதாவது மணலின் சரக்கு. செங்குன்றம் அரிசி ஆலைகளுக்குப் போகும் நெல் ஒவ்வொரு குழாயையும் சரிவையும் தேய்த்துக்கொண்டேதான் போகிறது. ஹல்லரின் இரும்பு உருளை தேய்வதும் அதனால்தான். ஆனால் இங்கே வேடிக்கை என்னவென்றால், நெல் மெதுவாக விழுந்து சறுக்கும் இடங்களில் கடின இரும்பைவிட ரப்பர் தகடு நன்றாக உழைப்பது உண்டு. விழும் மணியின் வேகத்தை ரப்பர் தன் நெகிழ்ச்சியில் வாங்கித் திருப்பிவிடுகிறது.

இரும்போடு இரும்பு உராயும் இடங்களில் தேவை வேறு மாதிரி. டிராக்டரின் ஹைட்ராலிக் சிலிண்டர் தண்டு வெள்ளிபோல் மின்னுவது மெல்லிய குரோமிய முலாம். இதைச் சேற்றோடு விட்டால் சீல் கிழிந்து எண்ணெய் ஒழுகும். சாயங்காலம் துணியால் துடைப்பது மலிவான வைத்தியம். ஐதராபாத்தில் உள்ள ஏ.ஆர்.சி.ஐ. ஆய்வு மையத்தில் கார்பைடுத் தூளை வெடிப்பின் வேகத்தில் வீசி மெல்லிய பூச்சாகப் படியவைக்கும் முறையைக் கையாள்கிறார்கள். அது இயந்திரத் தண்டுகளுக்கும் விமானப் பாகங்களுக்கும் உரிய வேலை. கொழுவுக்குக் கட்டாது.

விவசாயிக்குத் தேவையானது நல்ல வெல்டர். திருச்சி பெல் வளாகத்தில் 1975 முதல் இயங்கும் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இத்துறையில் பெயர் பெற்றது. அவ்வளவு தூரம் போக வேண்டாம், ஆலைப் பராமரிப்பு வேலையில் பழகிய கை கிடைத்தாலே போதும். முதலில் ஒன்பது கொத்துக் கலப்பையில் மூன்று கொழுவுக்கு மட்டும் பூச்சு போட்டுப் பார்க்கலாம். டிராக்டர் சக்கரத் தடத்துக்கு நேர் பின்னால் வரும் கொழு இறுகிய மண்ணில் ஓடுவதால் அதிகம் தேயும். ஆகவே தடத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, ஓரத்தில் ஒன்று என்று போட்டு, அவற்றை அடுத்துப் பூச்சில்லாத கொழுக்களை மாட்ட வேண்டும். மாட்டும் முன் ஒவ்வொன்றையும் மளிகைக் கடைத் தராசில் நிறுத்து, எடையைக் கொழுவின் மேற்பகுதியில் பெயின்டால் எழுதிவைக்கலாம். சம்பா உழவு முடிந்ததும் கழற்றிக் கழுவி மீண்டும் நிறுத்தால், எத்தனை கிராம் மண்ணோடு போயிற்று, பூச்சுக் கூலி கட்டுமா கட்டாதா என்ற கணக்கு அவரவர் நிலத்துக்கே கிடைத்துவிடும்.